எட்டா, பதினொன்றா

புணே ஓரத்து நிக்டியில் எங்கள் குடியிருப்பு வாசலில், விடிந்ததும் விடியாததுமாக ஒரு வண்டிக்காரர் உருளைக்கிழங்கு வடை போட ஆரம்பித்துவிடுகிறார். எண்ணெய்ப் பண்டம் கூடவே கூடாது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். முகர்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் நடைப்பயிற்சி என்ற பெயரில் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். இன்று காலை பூண்டுச் சட்னிப் பொடியின் வாசனை மூக்கில் ஏறியதும், என்ன மாயமோ, கூடவே சிவப்பு மையின் வாசனையும் வந்தது. வடை வண்டியில் சிவப்பு மை ஏது? பணி ஓய்வு பெற்றவன் மண்டை கூட்டிப் பெருக்காத பரண் மாதிரி. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று தலையில் விழும்.

இந்த இரண்டு வாசனையும் சேர்ந்து மணக்கிற இடம் ஒன்று இருந்தது. விடைத்தாள் திருத்தும் முகாம். நீங்கள் வேறு ஊர்க்காரராக இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளின் பரீட்சைத் தாள்களை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்த முடியாது. சுற்றுவட்டாரத்து வாத்தியார்களை எல்லாம் புணேயில் ஏதாவது ஒரு கல்லூரி மண்டபத்தில் கொண்டுவந்து அடைப்பார்கள். ஆளுக்கு ஒரு கட்டு. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கார்த்திகை மார்கழிக் குளிரில் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்போம். பதினொரு மணி வாக்கில் வடை பாவ் வரும். அது வரைக்கும் படித்துத் திருத்தியவர்கள்கூட அதற்கப்புறம் பார்த்துத் திருத்துவார்கள். பார்த்து என்றால் நீளத்தை. ஒரு பெரியவர் விடையைச் சாண் போட்டு அளந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாங்லியிலிருந்து வருகிற ஓர் அம்மாள் இடது கையால் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டே வலது கையால் மதிப்பெண் போடுவார். பட்டாணி ஒன்றுகூடக் கீழே விழாது. மதிப்பெண் அப்படியல்ல.

நான் நடத்தியது நிரல்மொழிக் கோட்பாடு. கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுகிற மொழிகள் எப்படி ஆனவை, எழுதிய கட்டளைக்கு என்ன பொருள், அதுதான் பொருள் என்று எப்படி நிரூபிப்பது என்கிற சமாச்சாரம். போபோடியில் நாங்கள் இருந்த சந்தில் ஒருவருக்குக்கூட இதை என்னால் விளக்க முடிந்ததில்லை. அப்பா கடக்கியில் ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து காலம் போனாலும் அவருடைய பேச்சு மட்டும் ரயிலேறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெளியே வந்ததும் யாராவது கேட்பார்கள்.

"ஓய், உம்ம மவன் காலேஜில என்ன படிச்சுக் குடுக்கான்?"

"மொழி வாத்தியாரா இருக்கான்."

"எத்தன மொழி தெரியும்?"

"கெடக்கும் பத்துப் பன்னெண்டு."

"ஒண்ணுலயாவது ஒரு ஆளு கூடப் பேச முடியுமா?"

"அதாம்வே முடியாதுங்கான்."

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு நான் எழுதியதும் இந்த லட்சணம்தான். ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு நிரல் தடம் புரளாது என்பதை நிரூபிக்க வருஷக்கணக்கில் முழித்திருந்து, தடிமனாக ஓர் ஆய்வேடு எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பெரியவர் அதைக் கையில் எடை போட்டுப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் விளிம்பு கொஞ்சம் கூடுதலாக விட்டிருக்கலாமே என்றார். என் மனைவி ஸ்டெல்லா கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆய்வேட்டில் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தது அவள்தான். முடித்துவிட்டுக் கேட்டாள்: "ஒழுங்கா எழுதினா ஒழுங்கா ஓடும்னு சொல்லுததுக்கு இம்புட்டுப் பக்கமா?"

எனக்கு வேலை கிடைத்தது தளேகாவ் பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவே நின்ற ஒரு தனியார் கல்லூரியில். தினமும் லோணாவளா லோக்கல் ரயிலில் போய்வருவேன். கல்லூரி முதலாளி கரும்பு, பெட்ரோல் பங்க் எல்லாம் பார்த்துவிட்டுக் கல்விக்கு வந்தவர். என் பாடத்தின் பெயரை அவர் கடைசிவரை முழுசாகச் சொன்னதில்லை. 'ரிசல்ட் என்ன சர்?' என்பது மட்டும் தெளிவாக வரும். பையன்களும் அவருக்குச் சளைத்தவர்கள் இல்லை. முதல் நாள் வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்புவதற்குள் ஒருவன் எழுந்து, "சர், இதுல முக்கியமான கேள்வி எதெதுன்னு குறிச்சுக் குடுத்துட்டா நாங்க உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்," என்றான். மரியாதையான பையன்.

பாடப்புத்தகத்தை வாங்குகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. கைடுதான். என் பாடத்துக்குக் கைடு எழுதியவர் இனாம்தார் சார், நகரத்துக்குள்ளே வேறொரு கல்லூரியில் மூத்த பேராசிரியர். தங்கமான மனிதர். யாரைப் பார்த்தாலும் முதுகில் தட்டிப் பாக்கு டப்பாவை நீட்டுவார். பாடத்திட்டம் வகுக்கிற குழுவில் அவர்தான் தலைவர். கேள்வித்தாள் எடுக்கிற குழுவிலும் அவர் உண்டு. திருத்தும் முகாமில் அவர்தான் சீஃப். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கைடு, அதுவும் அவருடையது. ஆண்டவருக்குக்கூட இப்படி ஒரு வசதி அமையவில்லை. அவர் எழுதிய புத்தகத்துக்கு நாலு பேர் நாலு விதமாக உரை சொல்கிறார்கள்.

அந்தக் கைடில் ஒரு கேள்வி இருந்தது. பயப்படாதீர்கள், கணக்கு இல்லாமல் மணி பார்க்கிற கதையாகச் சொல்கிறேன். காலையில் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யார் எப்போது மணி கேட்டாலும் சீட்டைப் பார்த்துச் சொல்வது ஒரு முறை. கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் பார்த்துச் சொல்வது இன்னொரு முறை. நிரல்மொழிகளில் இந்த இரண்டு முறையும் உண்டு. கைடில் கொடுத்திருந்த நிரல் ஒரு தரம் மணி கேட்கும், ஏதோ வேலை செய்யும், மறுபடி கேட்கும், இரண்டு விடையையும் கூட்டிச் சொல்லும். சீட்டு முறையில் நாலும் நாலும் எட்டு. கடிகார முறையில், முதலில் நாலு, வேலை முடிந்து பார்க்கும்போது ஏழு, கூட்டினால் பதினொன்று. 'இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த நிரலைக் கொண்டு விளக்குக' என்பது கேள்வி. இனாம்தார் சார் இரண்டுக்கும் எட்டு என்றே விடை போட்டிருந்தார். போட்டுவிட்டுக் கீழே, 'ஆகவே வேறுபாடு தெளிவாகிறது' என்று ஒரு வரி வேறு. எனக்குத் தெரிந்து பல பதிப்புகளாக அது தெளிவாகிக்கொண்டே இருந்தது.

ஓட்டிப் பார்த்துவிடலாமே என்பீர்கள். அந்த இரண்டாவது முறை இருந்த பழைய மொழி எப்போதோ செத்துப்போய்விட்டது. அதை ஓட்டுகிற யந்திரம் எங்கள் கல்லூரியில் இல்லை, புணேயிலேயே இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. பேனாவும் தாளும் வைத்து ஒவ்வொரு வரியாகக் கையால் நடத்திப் பார்த்தால்தான் உண்டு. அப்படி நடத்தத் தெரிவதற்குப் பெயர்தான் என் பாடம். வகுப்பில் நடத்திக் காட்டினேன். பதினொன்று வந்தது. கைடு தப்பு என்றேன். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. புதுசாக வேலைக்கு வந்த ஆள், பொறாமை, என்று பின்வரிசையில் பேச்சு.

அப்போது எழுந்தவள்தான் ரேவதி. போபோடிப் பெண். எங்கள் சந்துக்கு மூன்றாவது சந்து. அவளுடைய அப்பா கடக்கி வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி, ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். அவளுடைய தமிழில் ஆம்பூர் பாதி, மராட்டியும் இந்தியும் மீதி. தமிழ் எழுத்தை ஒரு பேருந்துப் பலகையில்கூட அவளால் வாசிக்க முடியாது. ஆனால் என்னோடு சண்டைக்கு என்று வந்தால் தமிழில்தான் வருவாள். கரும்பலகைக்கே வந்து என் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, நான் எழுதியதை ஒவ்வொரு வரியாக அவளே போட்டுப் பார்த்தாள்.

"ஆமா சார். பதினொண்ணுதான். கைடு ஏக்தம் தப்பு."

"நான் சொன்னப்போ நம்பலையா?"

"நீங்க சொன்னா அது கரெக்ட் ஆயிடுமா சார்? போட்டுப் பாக்கவேணாமா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் வாத்தியார் வேலைக்கே வந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு ரயிலில் தோன்றியது. வேறு எதற்கும் அந்தச் சம்பளத்துக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

கடைசி வருஷப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. வராமல் எப்படி இருக்கும், எடுத்தவர் இனாம்தார் சார் ஆயிற்றே. என் வகுப்பு நான் சொன்னபடி பதினொன்று எழுதிவிட்டு வந்தது. ஊரெல்லாம் எட்டு எழுதியது. அன்று சாயங்காலமே ரேவதி எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சார், மத்தக் கேள்விலாம் எனுக்குச் சுமார்தான். இந்த ஒண்ணு முழுசா வந்தாதான் பாஸு. எட்டுன்னு திருத்திட்டாங்கன்னா நான் ஃபெயிலு. ஃபெயிலானா, காலேஜுக்கே வந்து எடுத்தாங்களே, அந்தக் கம்பெனி வேலை போச்சு. வேலை போச்சுன்னா நைனா தை மாசமே ஆம்பூர்ல மாமா பையனுக்குக் கட்டி வச்சிடுவாரு."

"மாமா பையன் எப்படி?"

"நல்லவன்தான் சார். தோல் ஷாப்ல இருக்கான். ஆனா எனுக்கு வேணாம்."

ஸ்டெல்லா அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "எல்லாரும் எட்டுங்கும்போது நீங்களும் எட்டுன்னு சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா? ஒரு பிள்ளையோட வாழ்க்கையில வெளயாடுதீங்களே," என்றது அந்தப் பார்வை. பிறகு வாயாலும் சொன்னாள். சரியாகப் பாடம் நடத்தினால் பிள்ளைகள் தோற்றுப் போவார்கள் என்கிற தேற்றத்தை எந்த ஆய்வேட்டிலும் நான் படித்ததில்லை.

முகாம் தொடங்கியது. மாதிரி விடையை இனாம்தார் சார் விநியோகித்தார். கைடின் அதே பக்கம், நகலெடுத்தது. நான் எழுந்தேன். "சார், இது எட்டு இல்லை, பதினொன்று."

"அரே சர், பசா, பசா," என்றார். உட்காருங்கள் என்று அர்த்தம். "வடை ஆறுது பாருங்க."

வடையை வைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனேன். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் நிரூபித்ததில்லை. ஒரு வகுப்பில்கூட அப்படி எழுதியிருக்க மாட்டேன். எழுதி முடித்ததும் சாங்லி அம்மாள் பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டார். "இவர் சொல்றது சரிதான். பதினொண்ணுதான் வருது," என்றார். எனக்கு அந்த அம்மாளின் காலில் விழலாம் போலிருந்தது. சில பேர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தார்கள். ஒருவர் கைடைத் திறந்து பார்த்து, அட, ஆமாம், என்றார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது மஃப்ளர் கட்டிய ஒருவர் எழுந்தார். "பதினொண்ணு சரின்னா எட்டு தப்பு. எட்டு எழுதினது ஆயிரக்கணக்கான பசங்க. ரிசல்ட் படுத்துடும். எங்க பிரின்சிபால் என்னைத் தின்னுடுவார்," என்றார். மண்டபம் முழுக்கத் தலைகள் ஆடின. உண்மையை ஒப்புக்கொண்ட அதே தலைகள். நான் விடவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லாமல் இன்னொரு வழியிலும் நிரூபித்துவிடலாம் என்று மறுபடி பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தேன். என் முதுகுக்குப் பின்னால் இனாம்தார் சாரின் குரல் கேட்டது. அன்பான குரல்.

"எதுக்கு வம்பு? ரெண்டுக்கும் முழு மார்க் குடுத்துடலாம். சாலேல்?"

சாலேல் என்றால் பரவாயில்லை, ஓடும், போதும், விடு, எல்லாமும்தான். புணேயின் பாலம், சாலை, சாக்கடை, திருமணம் எல்லாமே இந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நிற்கின்றன.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கைகள் உயர்ந்துவிட்டிருந்தன. சில கைகளில் வடை இருந்தது. சாங்லி அம்மாளும் கை தூக்கியிருந்தார், பட்டாணியோடு. ஒரு நிரலின் விடை என்ன என்பதை ஓட்டெடுப்பில் தீர்மானித்த பெருமை உலகத்தில் வேறு எந்த மண்டபத்துக்கும் இருக்குமா, தெரியவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக இனாம்தார் சாரின் மேஜைக்குப் போனேன். "சார், எட்டும் சரி பதினொன்றும் சரி என்றால் இரண்டும் ஒன்று. இரண்டிலும் எட்டைக் கழித்தால் மூன்று என்பது பூஜ்யம். மூன்றால் வகுத்தால் ஒன்றும் பூஜ்யம், ஒன்றைக் கூட்டினால் இரண்டும் ஒன்றும் சமம். நீங்களும் நானும் இரண்டு பேர். ஆகவே ஒரே ஆள். ஆகவே இந்தக் கைடை எழுதியது நான்!" முரண்பாட்டை உள்ளே விட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்பது எங்கள் பாடத்தின் அரிச்சுவடி. மனிதர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப அடுத்த பதிப்புக்குப் பிழைதிருத்தத்தையும் நீங்களே பண்ணிடுங்க," என்று பாக்கு டப்பாவை நீட்டினார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

ரேவதி பாஸ். எங்கள் வகுப்பே பாஸ். ஊரும் பாஸ். முதலாளி எனக்குக் கை கொடுத்தார். ரேவதி பேடா டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது. ஆம்பூருக்கு ஃபோன் போட்டு நைனா கல்யாணத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டாள்.

"அப்ப ஒத்துகினாங்களா சார், பதினொண்ணுன்னு?"

நடந்ததைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. பேடா டப்பாவைப் படக்கென்று மேஜையில் வைத்தாள்.

"எட்டு எழுதினதுக்கும் அதே மார்க்கா?"

"ஆமாம்."

"அப்ப எனுக்குக் குடுத்தது இன்னா மார்க்கு சார் அது? போனா போவுதுன்னு போட்டதா?" கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

ஸ்டெல்லாவுக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, பாஸாயிட்ட, வேல கெடச்சிட்டு, கல்யாணமும் நின்னுட்டு. இன்னும் என்னத்துக்குட்டி அழுத?"

"பிச்ச போட்டாமாரி இருக்குது ஆன்ட்டி."

அதோடு விட்டாளா? மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு இனாம்தார் சார் வீட்டுக்குக் கிளம்பினாள். நகரத்தின் பழம்பகுதியான பேட்டில் பழைய வீடு. கேட்டில் ஒரு பலகை: 'பகல் ஒன்று முதல் நாலு வரை தூங்கும் நேரம். அழைப்புமணியை அழுத்துகிறவர்கள் விளைவுகளுக்குத் தாங்களே பொறுப்பு.' இது புணேக்காரர்களின் பிறப்புரிமை. போலீஸ்காரர்கள்கூட மதிப்பார்கள். நாங்கள் போனபோது மணி இரண்டரை. நாலு வரைக்கும் எதிர்த்த டீக்கடையில் உட்காரலாம் என்றேன். அவள் விரலை மணியில் வைத்தாள், எடுக்கவே இல்லை.

இனாம்தார் சார் பனியனும் தூக்கக் கலக்கமுமாக வெளியே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ரேவதி மராட்டியில் பிடித்துக்கொண்டாள். எட்டு தப்பு என்று தெரிந்தும் எப்படி மார்க் போட்டீர்கள், எங்கள் சாரின் நிரூபணத்தில் எந்த வரி தப்பு, காட்டுங்கள். அவர் சமாதானமாகத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், அவள் குடிக்கவில்லை. பாஸாகிவிட்டாயே, குழந்தாய், என்றார். "நான் பாஸான கதை வேணாம். பதினொண்ணு சரின்னு உங்க புக்குல போடுங்க," என்று நிரூபணம் எழுதிய தாளை எடுத்து நீட்டினாள். கைடை எழுதியவரின் வீட்டு வாசலில், தூங்கும் நேரத்தில் ஒரு பெண் நின்று ஒரு கூட்டல் கணக்குக்காகச் சண்டை போட்டாள். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் பெருமை. பெருமைதான் அதிகம், இப்போதும்.

"போடறேம்மா. அடுத்த பதிப்புல போடறேன்," என்றார் அவர்.

வாக்கு மாறாத மனிதர். அடுத்த பதிப்பில் போட்டார். 'விடை: 8 அல்லது 11. இரண்டும் ஏற்கப்படும்.' ரேவதி அதைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்து, "அல்லதுன்னா இன்னா சார் அர்த்தம்? அல்லதுன்னா இன்னா?" என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

அப்புறம் காலம் போன போக்கு உங்களுக்கே தெரியும். என் பாடம் முதலில் கட்டாயப் பாடமாக இருந்தது. பிறகு விருப்பப் பாடமாயிற்று. யாருக்கும் விருப்பமில்லை. அப்புறம் அந்த நேரத்தை வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு விட்டுக்கொடுங்கள் சர் என்றார்கள். கழுத்தில் டை கட்டிய ஒரு வாலிபன் வந்து, நேர்முகத் தேர்வில் நாற்காலியில் எப்படி உட்காருவது என்று அதே கரும்பலகையின் முன்னால் நின்று பாடம் எடுத்தான். உட்காரக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். திருத்தும் முகாமும் போய்விட்டது. விடைத்தாளை இப்போது திரையில் காட்டுகிறார்கள், அவரவர் தனித்தனியாகச் சொடுக்கிவிட்டுப் போகிறார்கள். ஓட்டெடுப்பு இல்லை, பட்டாணி இல்லை, தப்பு என்று எழுந்து நிற்க ஒரு மண்டபம் இல்லை. இனாம்தார் சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல மனிதர். அவருடைய கைடை யார் யாரோ இணையத்தில் அப்படியே ஏற்றி வைத்திருக்கிறார்கள், அல்லதோடு சேர்த்து.

வடை வண்டியைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவன், வேலையற்றவன்தானே, இப்போது எல்லோரும் எதற்கெடுத்தாலும் கேட்கிறார்களே, அந்தச் செயற்கை அறிவு யந்திரத்திடம் கைடின் அந்த ஐந்து வரி நிரலைக் கொடுத்து, கடிகார முறையில் என்ன விடை என்று கேட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில். விடை எட்டு அல்லது பதினொன்று, இரண்டும் ஏற்கப்படுகின்றன. நான் விடவில்லை. எட்டு தப்பு என்றேன். மன்னியுங்கள், நீங்கள் சொல்வதே சரி, பதினொன்றுதான் என்றது. சரி, விஷமத்துக்கு, இல்லை, எட்டுதான் என்றேன். மன்னியுங்கள், நீங்கள் சொல்வதே சரி, எட்டுதான். இப்படி ஒரு மாணவன் என் வகுப்பில் இருந்திருந்தால் நான் வேலையை விட்டுவிட்டு வடை போடப் போயிருப்பேன்.

சிரித்து முடித்ததும் ரேவதிக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் இப்போது ஹிஞ்சவாடியில் பெரிய கணிப்பொறிக் கம்பெனியில் பெரிய ஆள். அவளுக்குக் கீழே ஒரு படையே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் கிறிஸ்துமஸுக்கு மறக்காமல் கூப்பிடுவாள். ஃபோனை எடுத்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, காதிலிருந்து ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். கத்துவாள் அல்லவா.

கத்தவில்லை. சிரித்தாள். "ஐயோ சார், இன்னும் அதையே புட்சிகினு இருக்கீங்களா? விடுங்க சார். எங்க டீம்ல இப்ப யாருமே கையால ப்ரோக்ராம் எழுதறது இல்ல. அதுவே எழுதிக் குடுத்துடுது. ஓடுதான்னு பாக்கறோம், அனுப்பிடறோம்."

"தப்பா ஓடினா?"

"யாராச்சும் கம்ப்ளைன்ட் பண்ணாங்கன்னா பாத்துக்கலாம் சார். ஆன்ட்டி நல்லா இருக்காங்களா? எனுக்கு மீட்டிங் இருக்குது, நைட் கூப்புடறேனே."

வைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்ததும் அவசரமாகக் கேட்டேன். "ரேவதி, ஒண்ணே ஒண்ணு. எட்டா, பதினொண்ணா?"

வயசானவனிடம் காபியா டீயா என்று கேட்கிற குரலில், அன்பாகத்தான் கேட்டாள்: "உங்களுக்கு எது வேணும் சார்?"

"பதினொண்ணு," என்றேன்.

"அப்ப பதினொண்ணுதான் சார்."

பாடத்தையே கல்லூரியிலிருந்து தூக்கியபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.